கிளம்பின நேரம், திரும்பின நேரம்

போன வாரம் ராத்திரி பத்து மணி இருக்கும். அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். டெம்பரரி டியூட்டி போய்வந்த க்ளெய்ம் தாள். கூடவே இரண்டு வரி: "மாமா, நாலு நாள்தான் போயிட்டு வந்தேன். இந்தக் கொஞ்சக் காசுக்கு இவ்ளோ எழுதணுமா, விட்டுடட்டுமா?"

அந்த "விட்டுடட்டுமா" எனக்குப் பழக்கமான வார்த்தை. ராணுவத்தில் இருபத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தேன். எத்தனை யூனிட் மாறினாலும் ஆபீஸ் கதவுக்கு வெளியே நின்று ஒரு ஜவான் இதைச் சொல்வான். தமிழில் சொல்வான், மலையாளத்தில் சொல்வான், "சோடோ சாஹப்" என்று இந்தியில் சொல்வான். படிக்காதவன் மட்டும் இப்படிச் சொல்வான் என்று நினைக்காதீர்கள், பட்டம் வாங்கியவனும் சொல்வான். தன் பணத்தைக் கேட்பதற்கு அவ்வளவு கூச்சம்.

அவனுக்கு போனில் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் படையில் இருக்கிற ஊர்கள் உண்டு. யாராவது ஒரு வீட்டில் இது பயன்படட்டும்.

டெம்பரரி டியூட்டி என்றால் என்ன? ஆபீஸில் சுருக்கமாக டிடி என்போம். ஆள் இருப்பது ஒரு யூனிட்டில். வேலை நிமித்தம் நாலு நாளோ நாற்பது நாளோ வேறு ஊருக்குப் போய்வரச் சொல்வார்கள். டிப்போவில் உதிரிபாகம் எடுக்கப் போகலாம். கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகலாம். உடம்பு சரியில்லாத சக ஜவானைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். இது மாற்றலும் இல்லை, லீவும் இல்லை. கையில் மூவ்மெண்ட் ஆர்டர் என்ற ஒரு தாள் இருக்கும். எங்கிருந்து எங்கே, எதற்காக, எத்தனை நாள், எந்தத் தேதி வரைக்கும் ரேஷன் கொடுத்தாயிற்று என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அந்த ரேஷன் வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். யூனிட்டில் இருக்கிறவரை ஜவானுக்கு லங்கரில் சாப்பாடு. கேட்டைத் தாண்டி பஸ் ஏறிவிட்டால் அந்தத் தட்டு அவனுக்கு இல்லை. பிளாட்பாரத்தில் பூரி வாங்கினாலும் அவன் சட்டைப் பையில் இருந்துதான் காசு போகிறது. அரசாங்க வேலைக்குப் போனவன் சொந்தக் காசில் சாப்பிடுகிறான். அந்தக் காசைத்தான் தினப்படி என்று திருப்பித் தருகிறார்கள். இனாமும் இல்லை, சலுகையும் இல்லை. இது மனசில் பதிந்துவிட்டால் கூச்சம் போய்விடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "டிஏ" என்று இரண்டு இருக்கிறது. சம்பளத்தோடு மாசாமாசம் வருவது அகவிலைப்படி. பயணத்துக்கு நாள் கணக்கில் வருவது தினப்படி. ஆபீஸில் இரண்டையும் டிஏ என்றே சொல்வதால் புது ஆட்கள் குழம்பிப்போவார்கள். இரண்டுக்கும் ஒரு உறவும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நடப்பில் இருக்கும் கணக்கு ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு வந்தது. மத்திய நிதி அமைச்சகம் 13.7.2017 அன்று போட்ட ஆணை, 1.7.2017 முதல் அமல். சம்பள லெவலை வைத்து ஐந்து அடுக்கு, 2017-ல் போட்ட தொகைகள் இவை. லெவல் 14-ம் அதற்கு மேலும், அதாவது மேஜர் ஜெனரல் முதல், சாப்பாட்டுக்கு நாளுக்கு 1,200 ரூபாய். லெவல் 12, 13-க்கு 1,000. லெவல் 9 முதல் 11 வரை 900, லெப்டினென்ட்டும் மேஜரும் இதில் வருவார்கள். லெவல் 6 முதல் 8 வரை 800, இது நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். லெவல் 5-ம் அதற்குக் கீழும் 500. சிப்பாய் லெவல் 3, நாயக் 4, ஹவில்தார் 5. மூன்று பேரும் கடைசி அடுக்கு.

இதில் எனக்கு ஒரு வருத்தம் எப்போதும் உண்டு. அந்த ஆணையில் மேஜருக்கும் சுபேதாருக்கும் நடுவில் 100 ரூபாய்தான் வித்தியாசம். நாயப் சுபேதாருக்கும் ஹவில்தாருக்கும் நடுவில் 300. ஒரே ரயிலில் போய் ஒரே கடையில் சாப்பிடுகிறார்கள். தங்கும் அறையில் பதவிக்கேற்ற வித்தியாசம் வைக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஒரு தட்டு சோற்றின் விலையில் அவ்வளவு வித்தியாசம் இருப்பது சரியில்லை. கீழ் அடுக்கைத்தான் முதலில் உயர்த்தியிருக்க வேண்டும்.

அகவிலைப்படியோடு உறவு இருக்கிறது என்றேனே, அது இதுதான்: அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போதெல்லாம் இந்தத் தொகை 25 சதவீதம் கூடும் என்று அந்த ஆணையிலேயே எழுதியிருக்கிறது. 1.1.2024 முதல் அகவிலைப்படி 50 சதவீதம் ஆனது. ஆகவே 500 என்பது 625 ஆயிற்று, 800 என்பது 1,000. பழைய 500-ஐயே மனசில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் அக்கா மகனும் அப்படித்தான் எழுதியிருந்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். நான்கு நாள் போனால் நான்கு 625 என்று பெருக்கிவிட முடியாது. தலைமையிடத்தை விட்டு ஆள் எத்தனை மணி நேரம் வெளியே இருந்தான் என்று ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. அந்த நாளில் 6 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தால் 30 சதவீதம். 6 முதல் 12 மணி நேரம் என்றால் 70 சதவீதம். 12 மணி நேரத்துக்கு மேல் என்றால் முழுத் தொகை. அவ்வளவுதான் சூத்திரம். பத்தாவது படித்த பையன் போட்டுவிடுவான்.

அப்புறம் எங்கே பணம் போகிறது? நேரத்தில்தான்.

அக்கா மகன் தாளையே எடுத்துக்கொள்வோம். அவன் ராஜஸ்தான் பாலைவனத்தில் நாயக். டெல்லியில் ஒரு டிப்போவில் வண்டி உதிரிபாகம் வாங்கிவர, ஒரு டிரைவரும் அவனுமாகப் போனார்கள். தாளில் கிளம்பின நேரம் என்ற கட்டத்தில் 21:30 என்று இருந்தது. திரும்பின நேரம் 05:10. இரண்டுமே ரயில் டிக்கெட்டில் பார்த்து எழுதிய நேரம் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

உடனே கூப்பிட்டேன்.

"டேய், உன் யூனிட்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் எவ்வளவு தூரம்?"

"எழுபது கிலோமீட்டர் இருக்கும் மாமா."

"ஒன்பதரை ரயிலுக்கு யூனிட்ல இருந்து எப்ப கிளம்பினே?"

"வண்டி அதுக்கப்புறம் இல்ல மாமா. ரெண்டே முக்காலுக்கு முன்னாடியே ஏறிட்டோம். ரெண்டு நாப்பது."

"திரும்பி வந்தப்ப?"

"ஸ்டேஷன்ல அஞ்சு பத்துக்கு எறங்கினோம். வண்டி வந்து, யூனிட் கேட்ல என்ட்ரி போட்டது ஏழு இருபது."

இதுதான் விஷயம். அவனுடைய தலைமையிடம் யூனிட் இருக்கிற இடம். எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரயில்வே ஸ்டேஷன் இல்லை. அவன் எழுதியபடி பார்த்தால் முதல் நாள் இரண்டரை மணி நேரம், 30 சதவீதம். நடுவில் இரண்டு நாள் முழுசு. கடைசி நாள் நள்ளிரவு முதல் ஐந்து பத்து வரை, அதுவும் 6 மணி நேரத்துக்குக் குறைவு, 30 சதவீதம். கூட்டினால் 260 சதவீதம், 1,625 ரூபாய். நடந்ததை நடந்தபடி எழுதினால் முதல் நாள் மதியம் 2:40 முதல் நள்ளிரவு வரை ஒன்பது மணி இருபது நிமிஷம், 70 சதவீதம். கடைசி நாள் ஏழு மணி இருபது நிமிஷம், 70 சதவீதம். மொத்தம் 340 சதவீதம், 2,125 ரூபாய். இரண்டு கட்டங்களில் நேரத்தை மாற்றி எழுதியதில் 500 ரூபாய் காணாமல் போயிருந்தது. அவன் பழைய 500 விகிதத்தில் போட்டு 1,300 என்று எழுதியிருந்தான், ஆக மொத்தம் 825 ரூபாய் நஷ்டம்.

அவன் பொய் சொல்லவில்லை, சோம்பலும் படவில்லை. கையில் இருந்த ஒரே அத்தாட்சி டிக்கெட். அதில் இருந்த நேரத்தை எழுதினான். பெரும்பாலான ஜவான்கள் இப்படித்தான் இழக்கிறார்கள்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பழைய சுபேதார் சாஹப் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார். டிடி போகிற ஒவ்வொருத்தனையும் நிறுத்தி, சட்டைப் பையில் சின்ன நோட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கை அளவு, மேலே கம்பி வளைத்த நோட்டு. இல்லாவிட்டால் தன் மேஜை இழுப்பறையில் இருந்து எடுத்துக் கொடுப்பார். நாலே வார்த்தை எழுதச் சொல்வார்: கேட், ஸ்டேஷன், ஊர், படுக்கை. ஒவ்வொன்றுக்கும் எதிரே மணி. யூனிட் கேட்டைத் தாண்டிய மணி, வண்டி ஏறிய மணி, போன ஊரில் இறங்கிய மணி, எந்த இடத்தில் படுத்தான் என்பது. திரும்பி வந்தவுடன் அந்தப் பக்கத்தைப் பார்த்தே கிளார்க் முழு க்ளெய்மையும் எழுதிவிடலாம். இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது. கேட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்தால் நேரம் அதிலேயே பதிந்துவிடும். ஆனாலும் அந்த நோட்டுப் பழக்கத்துக்கு ஈடு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. எழுதுகிற கைக்குக் கணக்கு மறக்காது.

நள்ளிரவுக் கணக்கில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் போய் மாலை ஐந்து மணிக்குத் திரும்பினால் பதினோரு மணி நேரம், 70 சதவீதம். அதே பதினோரு மணி நேரம் ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்பியதாக இருந்தால் இரண்டு நாளாகப் பிரிகிறது. முதல் நாள் நாலு மணி நேரத்துக்கு 30, மறுநாள் ஏழு மணி நேரத்துக்கு 70, கூட்டினால் முழுத் தொகை. இரவுப் பயணத்தை ஒரே நாளாகச் சேர்த்து எழுதிவிட்டால் போச்சு. கிளார்க்குகளும் இதில் தவறுவார்கள், நானும் ஆரம்பத்தில் தவறியிருக்கிறேன்.

போன இடத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த நாளுக்குப் படி உண்டா என்று நிறையப் பேர் கேட்பார்கள். அந்த ஊரிலேயே இருந்தால் உண்டு. நடுவில் கேஷுவல் லீவ் எடுத்தால் அந்த நாளுக்குக் கிடையாது. இலவசச் சாப்பாடோ தங்குமிடமோ கிடைத்திருந்தால் க்ளெய்மில் அதை உள்ளபடி எழுத வேண்டும், அதற்கேற்பத் தொகை மாறும். இதில் ஒளிக்காதீர்கள். உரிமையைக் கேட்கிறவன் தாளில் ஒரு பொய் வரியும் இருக்கக் கூடாது.

இப்போது சாப்பாட்டுக்கு பில் கேட்பதில்லை. இது எவ்வளவு பெரிய விடுதலை என்று 2017-க்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. அதற்கு முன்னால் ஆறாவது கமிஷன் காலத்தில் சாப்பாட்டுச் செலவு பில்லுக்கு எதிரேதான், அதுவும் கீழ் அடுக்குக்கு நாளுக்கு 100 ரூபாய் உச்சவரம்பு. அந்தக் காலத்தில் நடந்த ஒன்று இன்னும் நெஞ்சில் நிற்கிறது. எங்கள் யூனிட் சிப்பாய் ஒருவன், தீக்காயம் பட்ட தோழனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மூன்று ராத்திரி வராந்தாவில் ஜமுக்காளம் விரித்துப் படுத்திருக்கிறான். பிரெட், வாழைப்பழம், தள்ளுவண்டி டீ. திரும்பி வந்து க்ளெய்ம் போட்டோம். கொஞ்ச நாளில் சிவப்பு மையில் திரும்பி வந்தது: உணவு ரசீது இணைக்கப்படவில்லை. அந்தப் பையன் என்னிடம் கேட்டான், "சாஹப், தள்ளுவண்டிக்காரன்கிட்ட பில் எப்படிக் கேட்பேன்?"

பக்கத்து மேஜையில் இருந்தவர் ஒரு வெற்று பில் புத்தகத்தைக் காட்டினார். ஓட்டல் பெயர் அச்சடித்தது, நிரப்பிக்கொள்ளலாம். நான் வாங்கவில்லை. பையனிடம் உள்ளதைச் சொன்னேன், திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினேன். பல மாதம் கழித்து வந்த தொகை அவன் செலவழித்ததைவிடக் குறைவு. உண்மையாக எழுதியவனுக்குக் குறைவாகவும், பில் தயாரிக்கத் தெரிந்தவனுக்கு முழுசாகவும் கிடைத்த ஒரு விதி அது. அதை எடுத்துவிட்டு, நாளுக்கு இவ்வளவு என்று நம்பிக் கொடுக்கிற முறைக்கு வந்ததை நான் மனசார வரவேற்கிறேன்.

தங்குவதற்கும் ஊருக்குள் போய்வரவும் தனி உச்சவரம்பு. 2017 ஆணைப்படி லெவல் 5 வரைக்கும் அறைக்கு நாளுக்கு 450 ரூபாய், ஊருக்குள் பயணத்துக்கு 113 ரூபாய். இவையும் மேலே சொன்ன 25 சதவீத உயர்வுக்கு உட்பட்டவை. லெவல் 8 வரைக்கும் இந்த வரம்புக்குள் பில் வேண்டாம், சுய சான்று போதும். ஆனால் சுய சான்றில் விவரம் இருக்க வேண்டும்: தங்கிய இடத்தின் பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பயணத்துக்கு வண்டி நம்பர். ஆமாம், ஆட்டோவின் நம்பர். இறங்கும்போது இரண்டு விநாடி திரும்பிப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். டெல்லி, சென்னை மாதிரி எக்ஸ் வகை நகரங்களில் அதே ஆணைப்படி அறைக்கு 1,000 ரூபாய் வரை போகலாம், அங்கே மட்டும் பில் கட்டாயம். ஓட்டலில் தங்குவதற்கு முன் சர்வீஸ் தங்குமிடம் கிடைக்கவில்லை என்ற சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிறகு அதற்காக அந்த ஊருக்குக் கடிதம் எழுதி வாங்குவது பெரும்பாடு.

மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி போகாத இடத்தில் நடந்து போனால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் தனியாக உண்டு, உயர்வுக்குப் பிறகு 15. போஸ்ட்டில் இருந்து ரோடு வரைக்கும் ஐந்து மணி நேரம் பனியில் இறங்கி வந்தவன்கூட இதை எழுதாமல் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். "நடந்ததுக்குமா காசு?" என்பான். ஆமாம் தம்பி, நடந்ததுக்கும்தான்.

ஓய்வு பெற்ற பிறகு ஆர்வத்தில் மற்ற நாட்டுப் படைகளில் இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்கப் படையில் கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் எத்தனை மணியானாலும் உணவுப்படியில் 75 சதவீதம். காலையில் கிளம்பினாலும் ராத்திரி கிளம்பினாலும் ஒன்றுதான். நடுவில் வரும் நாட்களுக்கு முழுசு. அவர்கள் நாட்டுக்குள் ஊருக்கு ஊர் விகிதம் மாறும், வருஷா வருஷம் அக்டோபர் 1-ம் தேதி புதுப் பட்டியல் வரும். அரசாங்க மெஸ்ஸில் சாப்பாடு கிடைத்தால் அதற்குத் தகுந்தபடி குறைப்பார்கள். அதைப் படித்தபோது, முதல் நாளும் கடைசி நாளும் நிலையான ஒரு சதவீதம் என்ற அந்த ஒரு விதி நமக்கும் வந்தால் எவ்வளவு நல்லது என்று தோன்றியது. என் அக்கா மகன் 500 ரூபாய் இழந்தது அந்த இரண்டு நாட்களில்தான். டெல்லியில் சாப்பாட்டு விலையும் ஒரு சின்ன ஊரில் சாப்பாட்டு விலையும் ஒன்றா என்ற கேள்விக்கும் அவர்கள் முறையில் பதில் இருக்கிறது.

இனி மிக முக்கியமானது. க்ளெய்ம் கொடுக்க முன்பு ஒரு வருஷம் அவகாசம் இருந்தது. 2018 மார்ச்சில் அதைப் பயணம் முடிந்ததில் இருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு 60 நாள் தாராளம். ஜவானுக்கு? வருஷாந்திர லீவே அவனுக்கு 60 நாள். டிடியில் இருந்து திரும்புகிறான், மறுநாள் லீவில் போகிறான். ஊரில் கல்யாணம், வீட்டு வேலை, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். திரும்பி வந்து ரிப்போர்ட் செய்யும்போது கெடு முடிந்திருக்கும். இப்படி ஒருத்தனுடைய க்ளெய்ம் என் மேஜையிலேயே காலாவதி ஆனது. அவன் லீவுக்குப் போவதற்கு முந்தின மாலை என்னிடம் வந்தான். யூனிட் இடம் மாறிக்கொண்டிருந்த நேரம், பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தோம். "லீவு முடிஞ்சு வா, பார்த்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பரவாயில்ல சாஹப்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு என் மேஜைக்கு வந்த எந்த க்ளெய்மையும் மறுநாளைக்குத் தள்ளியதில்லை.

அதனால்தான் போனை வைப்பதற்கு முன் அக்கா மகனிடம் கேட்டேன், "லீவு எப்போ?"

"அடுத்த வாரம் மாமா. ரெண்டு மாசம் சேர்த்துப் போட்டிருக்கேன்."

"அப்போ நாளைக்குக் காலையில மொத வேலை இதுதான். புதுத் தாள் வாங்கி எழுது. கேட் என்ட்ரியோட நகல் வை. ஆபீஸ்ல குடுத்துட்டு, குடுத்த தேதியோட ஒரு கையெழுத்து வாங்கிக்கோ."

மறுநாள் மத்தியானம் போட்டோ வந்தது. 14:40. 07:20. 625. கூட்டல் சரி. தங்கிய இடத்தின் பெயர், இரண்டு ஆட்டோ நம்பர், ஓரத்தில் வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தும் தேதியும்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி: "மாமா, என்கூட வந்த டிரைவர் ஒடிசாக்காரன். அவன் எழுதவே இல்லயாம். அவனோடதையும் பார்க்கிறீங்களா?"

அனுப்பு என்றேன். அவன் இந்தியில் எழுதிய தாள் ராத்திரி வந்தது. அதிலும் 21:30 என்றுதான் இருந்தது.